சுமை அட்டவணை

ஷுஐபா துறைமுகத்தில் என் கிரேனுக்குள்
கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கிறது ஓர் அட்டவணை:
கையை இவ்வளவு நீட்டினால் இவ்வளவு டன்,
இன்னும் நீட்டினால் இன்னும் குறைவு.
மீறினால் மணி அலறும்.
காற்று கூடினால் வேலையே இல்லை,
கொக்கியை இறக்கிவைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம்.

பதினேழு வருடமாய் அதைப் பார்த்துத் தூக்குகிறவன்
வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு தாளை மாட்டினேன்,
கத்தரிக்காய்க் காந்தத்துக்கு அடியில்.
சிவப்பு மார்க்கரில் 95%.
கீழே கோடு வேறு. இரண்டு.

சுமையா என்று உனக்குப் பெயர் வைத்தபோது
அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது
எனக்குப் படவில்லை.
இப்போது உம்மா உன்னைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம்
யாரோ என்னை விசாரிக்கிற மாதிரி இருக்கிறது.

குளியலறை வடிகட்டியில் சுருண்டு கிடந்தது முடி.
உம்மாவுடையது என்று நினைத்தேன். நீளம் அது இல்லை.
பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது:
சஹருக்கு உன்னை எழுப்ப வந்தால்
நீ ஏற்கெனவே விழித்திருக்கிறாய்.
தோசையின் ஓரத்தை மட்டும் தின்கிறாய்.
தம்பி ரிமோட்டைக் கீழே போட்டால் தூக்கிவாரிப் போடுகிறது உனக்கு.
உன்னிடம் அலறுவதற்கு மணி இல்லை.

அன்றிரவு காந்தத்தை நகர்த்தித் தாளை எடுத்தேன்.
திருப்பிப் பார்க்கவில்லை.
மீன் செதிலோடு, வெங்காயத் தோலோடு கட்டி
கீழே குப்பைத் தொட்டியில் போட்டேன்.
பெரிய காரியம் செய்தவன் போல
லிஃப்ட் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

பன்னிரண்டு மணிக்கு அறையை விட்டு வந்தாய்.
"ஃப்ரிட்ஜில இருந்த பேப்பர் எங்கே வாப்பா?"
"இனிமே அது வேணாம்மா. மார்க் எவ்வளவு வந்தாலும்..."
"அய்யோ, அதுக்குப் பின்னாடிதான்
ஆர்கானிக் ரியாக்ஷன் எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்!"

லுங்கியும் செருப்புமாய் இறங்கினேன்.
ஹாரிஸ் அப்து, எகிப்துக்காரர், எழுந்து வந்து
ஒன்றும் கேட்காமல் டார்ச் அடித்தார்.
இரண்டாவது பையைக் கொட்டும்போதுதான்,
"பாஸ்போர்ட்டா?" என்றார்.
அதைவிடப் பெரிசு என்று சொல்ல
என் அரபி போதாது.
"வரக், வரக்" என்றேன்.

மூன்றாவது பையில் இருந்தது.
வஞ்சிர நாற்றம். டீத்தூள் படிந்து
பென்சீன் வளையம் ஒன்று பழுத்திருந்தது.

முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினாய்.
முதலில் கோபம்தான். பிறகு முகர்ந்து பார்த்தாய்.
பிறகு சிரிப்பு,
சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மூச்சு முட்ட.
உம்மா எழுந்து வந்து
நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
சிரிப்பு முடிகிற இடத்தில் கொஞ்சம் அழுதாய்.
நான் கழுவாத கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

தாள் மறுபடி ஃப்ரிட்ஜுக்கே போனது,
95 கதவைப் பார்த்தபடி.

காலையில் கெமிஸ்ட்ரி.
இந்தியாவில் பத்தரை, இங்கே எட்டு.
ஒரே வினாத்தாளுக்கு எத்தனை ஊரில்
எத்தனை கேட்டுக்கு வெளியே நிற்கிறோமோ,
சீட்டைச் சாய்த்து, தூங்குகிற மாதிரி.

திரும்பும் வழியில் மங்காஃப் வரை ஏழு சிக்னல்.
ஏழிலும் சிவப்பு.
ஏழிலும் "எப்படிம்மா எழுதினே"
நாக்கு நுனிவரை வந்தது.
வெளியே தூசிக்காற்று ஏறிக்கொண்டிருந்தது.
நான் கொக்கியை இறக்கிவைத்தேன்.

கீழே படி கழுவிக்கொண்டிருந்த ஹாரிஸ் அப்து
துடைப்பத்தை நிறுத்தினார்.
உன்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி,
தாழ்த்தி, புருவத்தால் விசாரித்தார்.

"தமாம்" என்றாய்.
நாலு படி ஏறிவிட்டு, திரும்பி,
"முப்பதாவது கேள்வி மட்டும் மாஃபி தமாம்."

நான் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது.